சவுரியும் டோப்பாவும்: தமிழர் பொய்முடியின் வரலாறு

சங்கரன்கோவிலில் குடிகொண்டிருக்கும் சங்கரநாராயணருக்குத் தலை ஒன்று, முடி இரண்டு. வலப்பாதி சிவனுக்குரிய சடை. இடப்பாதி திருமாலுக்குரிய கிரீடம். கோமதி அம்மன் தவமிருந்து வேண்டிப் பெற்ற காட்சி இது என்கிறது தலபுராணம். ஆண்டுதோறும் ஆடித் தபசன்று அந்தக் காட்சியைக் காணத்தான் ஊர் கொள்ளாத கூட்டம் கூடுகிறது. சைவமும் வைணவமும் ஒன்றிய இடம் என்று இத்திருமேனியைப் போற்றுவது வழக்கம். முடியின் வரலாற்றைத் தேடிச் செல்பவருக்கு இதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. ஒரு பாதி வளர்ந்த முடி, மறு பாதி வைத்த முடி. தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. தலையில் முளைப்பதும் முடி, வேந்தன் சூடுவதும் முடி, கூந்தலை அள்ளிச் செருகும் செயலும் முடித்தல்.

தலையில் இல்லாத முடியை இருப்பதுபோல் காட்டும் வழக்கம் பல நாகரிகங்களில் உண்டு. எகிப்திலும் ஐரோப்பாவிலும் அது தலை முழுவதையும் மூடும் முடியாக வளர்ந்தது. அதிகாரத்தின் அடையாளமாகவும் ஆனது. தமிழ்நாட்டில் அப்படி நடக்கவில்லை. இங்கே பொய்முடி, உள்ள முடியோடு கூடுதலாகச் சேர்வதாகவே இரண்டாயிரம் ஆண்டுகள் இருந்துவந்தது. முழுத்தலையை மூடும் முடி மேடைக்கு மட்டுமே உரியதாயிற்று. இந்த வேறுபாடு ஏன் வந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கவரியிலிருந்து சவுரிக்கு

தமிழில் பொய்முடிக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று பதிற்றுப்பத்தில் இருக்கிறது. சேரன் செங்குட்டுவனைப் பரணர் பாடிய ஐந்தாம் பத்தில், கவரிமயிரைச் சேர்த்து முடித்த கொண்டையோடு பெண்கள் ஊஞ்சலாடும் காட்சி வருகிறது. பாட்டில் அது ஓர் அடைமொழி மட்டுமே. புலவர் அதை விளக்கவில்லை, வியக்கவும் இல்லை. கேட்பவர்களுக்குத் தெரிந்த வழக்கம் என்பதால் விளக்கம் தேவைப்படவில்லை என்றே கொள்ளத் தோன்றுகிறது. உ.வே.சாமிநாதையர் 1904இல் பதிற்றுப்பத்தைப் பதிப்பித்திராவிட்டால் இந்த ஒரு சொற்றொடரும் நமக்குக் கிடைத்திருக்காது.

கவரி என்பது இமயமலைப் பக்கத்தில் வாழும் சடைமாடு. அதை மான் என்று நாம் எண்ணுவது பிற்காலப் பழக்கம். நரந்தம்புல் மேயும் கவரி வடமலையில் தங்குவதைப் புறநானூற்றின் 132ஆம் பாடலும் அறிந்திருக்கிறது. அந்த விலங்கின் வால்மயிர் இமயத்திலிருந்து சேரநாட்டுப் பெண்ணின் கொண்டை வரை வந்திருக்கிறது என்றால் அது எளிய பொருளாக இருந்திருக்க முடியாது. அரசனுக்கு இருபுறமும் வீசிய வெண்சாமரமும் அதே மயிர்தான். சமரி, சவரி, சவுரி என்று சொல் தேய்ந்து வந்த பாதையிலும் அந்த விலங்கு ஒட்டிக்கொண்டே வருகிறது. மயிர் மனிதருடையதாக மாறிய பின்பும் பெயர் மாறவில்லை. இன்று கடையில் சவுரி கேட்கும் பெண், தன்னை அறியாமலே சடைமாட்டின் பெயரைச் சொல்கிறாள்.

கவரியின் பெயர் திருக்குறளில் மானம் என்ற அதிகாரத்தில் வருகிறது. மயிர் போனால் உயிர் வாழாத விலங்கு என்று அங்கே அது காட்டப்படுகிறது. அதே அதிகாரத்தில் இன்னொரு குறள், தம் நிலையிலிருந்து தாழ்ந்தவர்களைத் தலையிலிருந்து இழிந்த மயிருக்கு ஒப்பிடுகிறது. தலையில் இருக்கும்வரை மதிப்பு, இறங்கிவிட்டால் ஒன்றுமில்லை. பத்தே குறள்களுக்குள் மயிரை இருமுறை மானத்தின் அளவுகோலாக எடுத்திருக்கிறார் வள்ளுவர். உதிர்ந்த முடியைப் பற்றித் தமிழ்ச் சமூகத்தில் ஆழமாகப் பதிந்திருந்த எண்ணம் இது. பொய்முடியின் வரலாறு முழுக்க இந்த எண்ணத்தோடு பொருதிக்கொண்டே வருகிறது.

மிளகோடு போன முடி

பதிற்றுப்பத்துக் காலத்தை ஒட்டி, மேற்குக் கடலின் மறுகரையில் ஓர் ஆவணம் எழுதப்பட்டது. அலெக்சாந்திரியா வழியாக ரோமப் பேரரசுக்குள் நுழையும் கீழைநாட்டுச் சரக்குகளில் எவற்றுக்கெல்லாம் சுங்கம் உண்டு என்ற பட்டியல் அது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. 533இல் வெளியான ஜஸ்டீனியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றதால் பிழைத்தது. மிளகு, தந்தம், இந்திய இரும்பு என்று நீளும் அந்தப் பட்டியலில் ‘இந்திய முடி’யும் ஒரு சரக்கு. எந்தத் துறைமுகத்தில் ஏற்றப்பட்டது என்று பட்டியல் சொல்லவில்லை. ஆனால் முசிறியில் மிளகு ஏற்றிய கப்பல்களின் காலம் அது. பொய்முடிக்கு மூலப்பொருள் அனுப்பும் நாடாக இந்தியா பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டது என்பதே இங்கு முக்கியம்.

ரோமப் பெண்கள் பொன்னிற முடிக்கு ஏங்கினார்கள். போரில் பிடிபட்ட ஜெர்மானியரின் முடி அவர்கள் தலைக்கு ஏறியதைக் கவிஞர் ஓவிட் எழுதிவைத்திருக்கிறார். அதற்கும் ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியர் இந்தக் கலையின் உச்சியைத் தொட்டுவிட்டார்கள். மனிதமுடியை நுண்ணிய பின்னல்களாகப் பின்னி, தேன்மெழுகும் பிசினும் இட்டு நிலைநிறுத்திய முழுமுடிகள் அவர்களுடையவை. 1906இல் தெய்ர் எல்-மதீனா கல்லறை ஒன்றில் கண்டெடுக்கப்பட்ட மெரித் என்ற பெண்ணின் முடி, இத்தாலியின் தூரின் நகர அருங்காட்சியகத்தில் மூவாயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்தும் சுருள் கலையாமல் இருக்கிறது.

எகிப்தியர் தலையை மழித்துவிட்டு அதன்மேல் பொய்முடி அணிந்தார்கள். வெயிலுக்கும் பேனுக்கும் அது நல்ல வழி. தமிழரும் தலையை மழித்தார்கள். ஆனால் அதன்மேல் சந்தனம் பூசினார்கள். இரண்டு சமூகங்களும் பிரியும் இடம் இதுவே என்று கருதுகிறேன். மொட்டை இங்கே மறைக்க வேண்டிய குறையாக இருந்ததில்லை. நேர்த்திக்கடன் முடித்த மொட்டையும், தாய் தந்தையருக்குக் கருமம் செய்த மொட்டையும் பிறர் கண்ணில் படத்தான் வேண்டும். அதைப் பொய்முடியால் மூடினால் செய்த கடனே இல்லையென்றாகிவிடும். கட்டாயமாக மழிக்கப்பட்ட மொட்டையும் ஒன்று இருந்தது. சில சாதிகளில் கைம்பெண்களின் தலையை மழித்து, அவர்கள் இழந்ததை ஊரறியக் காட்டினார்கள். அந்தத் தலைகளுக்கு எந்தச் சவுரியும் அனுமதிக்கப்படவில்லை. பொய்முடியை அழகுப்பொருளாக மட்டும் எழுதிச் செல்லும் வரலாறு இந்தப் பெண்களை மறந்துவிடக் கூடாது.

விக்கும் தலைப்பாகையும்

ஐரோப்பாவின் கதை வேறு. பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயி இளவயதிலேயே முடியிழந்து 1624இல் பொய்முடி அணியத் தொடங்கினார். அவர் மகன் பதினான்காம் லூயி 1655இல் நாற்பத்தெட்டு முடிக்கலைஞர்களைப் பணியில் அமர்த்தினார். மன்னரின் வழுக்கை அரசவையின் நடையாயிற்று. அரசவையின் நடை ஐரோப்பாவின் நடையாயிற்று. பால்வினை நோயால் முடி கொட்டியவர்களும் பேன்தொல்லை தாங்காதவர்களும் ஏற்கெனவே ஏராளம் என்பதால் அது வேகமாகப் பரவியது. லண்டனில் 1665இல் கொள்ளைநோய் பரவியபோது, செத்தவர்கள் தலையிலிருந்து வெட்டிய முடியாக இருக்குமோ என்ற அச்சத்தில் இனி யார் விக் வாங்குவார்கள் என்று சாமுவேல் பெப்பீஸ் தம் நாட்குறிப்பில் கவலைப்பட்டார். அந்த அச்சத்தையும் தாண்டி விக் நிலைத்தது. 1795இல் முடிக்கு இடும் மாவுக்கு இங்கிலாந்து வரி விதித்தபோதுதான் அது சரியத் தொடங்கியது. பிரான்சில் புரட்சி அதற்கு முன்பே அதைக் கீழே தள்ளியிருந்தது.

அந்த விக் தமிழ்நாட்டுக்கு வந்தது. சென்னைக் கோட்டையிலும் புதுச்சேரியிலும் வெள்ளைக்காரர்கள் நம் கோடையில் அதைத் தலையில் சுமந்தார்கள். புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேயின் ஓவியங்களில் மாவிட்ட விக். அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் ஓவியத்தில் தலைப்பாகை. 1740களில் ஒரே அறையில் எதிரெதிரே இருந்த இரண்டு தலைகள் இவை. பிள்ளை நாட்குறிப்பில் எத்தனையோ பொருள்களைக் கூர்ந்து நோக்கியவர்; பிரெஞ்சுக்காரர்களோடு பழகிச் செல்வமும் செல்வாக்கும் பெற்றவர். ஆனால் விக்கை அவர் தலைக்கு எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளத் தேவையும் இல்லை. விக் செய்த வேலையைத் தலைப்பாகை இங்கே முன்பே செய்துகொண்டிருந்தது. யார் பெரியவர், எந்தக் குடி, எந்தப் பதவி என்பதைக் கட்டும் முறையிலேயே சொல்லிவிடும் துணி அது. வழுக்கையையும் மறைக்கும், வெயிலையும் தடுக்கும், அவிழ்த்துத் துவைத்துக்கொள்ளவும் முடியும்.

சங்கரன்கோவில் பக்கத்துக்கும் விக் வைத்த அந்தத் தலைகள் வந்து சேர்ந்தன. 1755இல் கர்னல் ஹெரான் கம்பெனிப் படையோடு திருநெல்வேலிச் சீமைக்குள் வந்தார். ஐரோப்பிய அதிகாரிகள் விக்கோ மாவிட்டுப் பின்னிய முடியோ இல்லாமல் வெளியே தலைகாட்டாத காலம். சங்கரன்கோவிலுக்கு அருகே நெற்கட்டுஞ்செவலில் இருந்த பூலித்தேவர் அவருக்குக் கப்பம் கட்ட மறுத்தார். பூலித்தேவர் கடைசியில் இந்தக் கோயிலுக்குள் வந்து வழிபட்டபடியே மறைந்துவிட்டார் என்பது ஊர் நம்பிக்கை. அவர் பெயரால் ஓர் அறை கோயிலில் இன்றும் இருக்கிறது. படையெடுத்தவர்களின் ஆட்சி நிலைத்தது, சட்டம் நிலைத்தது, கோர்ட்டும் வந்தது. வக்கீலின் கறுப்பு அங்கியையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையையும் ஏற்றுக்கொண்டோம். இங்கிலாந்திலேயே சிவில் கோர்ட்டு நீதிபதிகளுக்கு 2008 வரை தேவைப்பட்ட விக்கை நம் கோர்ட்டுகள் கைவிட்டுவிட்டன.

மேடையில் முளைத்த டோப்பா

தலை முழுவதையும் மூடும் முடி தமிழில் உண்மையாகவே வேரூன்றிய இடம் நாடகமேடை. சவுரி பின்னலோடு பின்னலாகச் சேர்வது. டோப்பா தொப்பிபோல் கவிழ்ப்பது. டோப்பா என்ற சொல்லே தொப்பியோடு உறவுடையதாகத் தோன்றுகிறது.

பெண்வேடத்தை ஆண்களே கட்டிய மேடை அது. சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த, பதவியிலிருந்த ஆண்கள் நாயகிகளாக நடித்தார்கள். தென்னாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் மரபு. தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த அவர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். சிறுவர்களே ராஜாக்களும் ராணிகளுமான பாய்ஸ் கம்பெனி அது. டி.கே.சண்முகம் அங்கே வளர்ந்தவர். பின்னாளில் நரைமுடிக் கிழவியாக வேடமிட்டுப் பெற்ற புகழால் ஔவை என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்றைய தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையிலிருந்து புறப்பட்ட எஸ்.ஜி.கிட்டப்பாவும் சிறுவயதிலேயே நாடகமேடை ஏறியவர்.

இங்கே ஒரு கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் ஆண்கள் பலருக்குக் குடுமி இருந்தது. பெண்வேடத்துக்கு அந்தக் குடுமியே பிடிமானம். அதில் சவுரியைச் சேர்த்துப் பின்னிவிட்டால் ஜடை கிடைத்துவிடும். கிராப்பு பரவிய பிறகு அந்தப் பிடிமானம் போயிற்று. பின்னலைச் சேர்க்க இடமில்லாத தலைக்கு முழுமுடி தேவைப்பட்டது. ஆகவே தமிழ் மேடையில் டோப்பா பெருகியதற்கு மேல்நாட்டு ஒப்பனைக்கலை மட்டும் காரணமல்ல. முடிதிருத்தும் கடையின் கத்தரிக்கோலும் ஒரு காரணம். ஜப்பானிலும் இதற்கு ஒப்பான நிகழ்ச்சி உண்டு. கபுகி மேடையில் பெண்கள் நடிப்பதை அரசு 1629இல் தடுத்தது. பெண்வேடமிட்ட இளைஞர்கள் முன்முடியை மழித்தே ஆக வேண்டும் என்று 1652இல் கட்டாயப்படுத்தியது. மழித்த நெற்றியை முதலில் துணியால் மூடினார்கள். பிறகு செப்புத்தகட்டு அடித்தளத்தில் முடி பொருத்தும் நுட்பமே அங்கு தனிக்கலையாக வளர்ந்துவிட்டது.

தெருக்கூத்துக்காரர்களுக்குச் சாயமேற்றிய சணலே போதுமானதாக இருந்தது. சினிமாவுக்கு அது போதவில்லை. அருகில் வரும் கேமராவுக்கு முடியின் வேரும் தெரிய வேண்டும். வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கொக்கியூசியால் முடிச்சிடும் வேலை அப்படித்தான் ஸ்டூடியோக்களுக்குள் வந்தது. ஒரு விக்குக்குப் பல்லாயிரம் முடிச்சுகள். கழுத்து வலியும் கண் எரிச்சலும் அந்தத் தொழிலின் கூலி. படத்தின் தலைப்பெழுத்துகளில் ஒப்பனைக்காரரின் பெயர் வரும். முடிச்சிட்டவரின் பெயர் அரிதாகவே வரும்.

திரையில் அடர்ந்த முடியோடு தோன்றும் ரஜினிகாந்த், வெளியே வழுக்கையும் நரையுமாகவே மக்கள் முன் வருகிறார். ரசிகர்களுக்கு அதில் எந்த முரணும் தெரியவில்லை. டோப்பாவின் இடம் மேடை என்ற பழைய தமிழ்க் கணக்கு இன்றும் மாறவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

பூ தாங்கும் முடி

வீட்டுக்குள் சவுரியின் ஆட்சி தடையின்றி நடந்தது. கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடிவாள் என்பார்கள். இல்லாத மகராசிக்குச் சவுரி. தலைவாரும்போது சீப்பில் வரும் சிக்குமுடியைச் சுருட்டிச் சுவரிடுக்கிலோ ஓலைச்செருகலிலோ சேர்த்துவைப்பார்கள். கைப்பிடி சேர்ந்ததும் அலசி, எண்ணெயிட்டு, சிக்கெடுத்து, மேல்நுனியை நூலால் இறுக்கிக் கட்டி மூன்று புரிகளாகப் பிரித்தால் சவுரி தயார். அவளவள் முடியே அவளவள் தலைக்குத் திரும்புவதால் நிறம் மாறாது. தாயின் கருமுடியில் கட்டிய சவுரி மகளுக்குப் போவதும் உண்டு. சேர்க்காதவர்கள் உதிர்ந்த முடியைத் துப்பிவிட்டு எறிவார்கள். எறிவதும் சேர்ப்பதும் ஒரே வீட்டில் நடந்தன. வள்ளுவர் காலத்து எண்ணமும் அதை மீறிய சிக்கனமும் இப்படி அருகருகே வாழ்ந்தன.

சவுரிக்கு அழகைத் தவிர வேறொரு வேலையும் உண்டு. அது பூவைத் தாங்க வேண்டும். சங்கரன்கோவில் பூச்சந்தையில் மல்லிகையும் பிச்சியும் விலை ஏறி இறங்குவது பத்திரிகைச் செய்தியாகும் அளவுக்குப் பெரிய வணிகம். அந்தப் பூ போய்ச் சேரும் இடம் சாமிக்கு அடுத்தபடியாகப் பெண்களின் தலை. மெலிந்த பின்னலில் நாலு முழம் மல்லிகை நிற்காது, வழுகிவிடும். கல்யாணப்பெண்ணின் பூஜடை, ராக்கொடி, ஜடைநாகம், குஞ்சலம் எல்லாவற்றின் பாரத்தையும் ஏற்பது உள்ளே மறைந்திருக்கும் சவுரியே. பரதநாட்டிய ஜடையும் அப்படித்தான். ஐரோப்பிய விக் ‘என்னைப் பார்’ என்று நின்றது. சவுரி பூவைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தான் ஒளிந்துகொண்டது.

1960களின் உயர்ந்த கொண்டைகள் இந்த மரபில் ஒரு குறுகிய அலை. திரையில் பார்த்த கொண்டைக்காக உள்ளே பந்துபோல் திணிப்பு வைத்து முடித்தார்கள். நைலான் முடி மலிவாக வந்தது அதே தலைமுறையில். அதன் பிறகு வீட்டில் சவுரி கட்டும் கை குறைந்துபோயிற்று. ‘முடிக்குப் பாத்திரம்’ என்று தெருவில் கூவி வருபவருக்குச் சிக்குமுடியைப் போட்டுவிட்டுக் கிண்ணம் வாங்கிக்கொள்வது எளிதாயிற்று.

இறக்கிய முடி

கோயிலில் மொட்டை போடுவதற்கு நம் மக்கள் சொல்லும் சொல் முடி இறக்குதல். வள்ளுவரின் ‘இழிந்த’ என்ற சொல்லுக்கும் இறங்கிய என்பதே அடிப்படைப் பொருள். தானாக இறங்கினால் தாழ்வு, தானே விரும்பி இறக்கினால் காணிக்கை. ஒரே அசைவு இரண்டு பொருள்கள் கொள்கிறது. பழனியிலும் சமயபுரத்திலும் திருச்செந்தூரிலும் நாள்தோறும் முடி இறங்குகிறது. 2021இல் தமிழக அறநிலையத் துறைக் கோயில்களில் முடிகாணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. முழுமொட்டை கூடாத பெண்கள் மூன்று கொத்து மட்டும் கத்தரித்துப் பூமுடி கொடுக்கிறார்கள்.

திருப்பதிக் கதையில் சாமியே பிறர் முடியை ஏற்றுக்கொண்டவர். தலையில் அடிபட்டு முடியிழந்த இடத்துக்கு நீளாதேவி தன் கூந்தலை அறுத்துப் பொருத்தினாள், அந்தக் கொடைக்காகவே பக்தர்கள் முடி தருகிறார்கள் என்பது மக்கள் வழக்கு. இழந்தவருக்குத் தன் முடியைத் தருவதுதான் காணிக்கையின் மூலக்கதை என்பது என்னை ஒவ்வொரு முறையும் நெகிழவைக்கிறது. இன்று நம் கல்லூரி மாணவிகள் புற்றுநோய் சிகிச்சையில் முடியிழந்தவர்களின் விக்குக்காகத் தங்கள் பின்னலை வெட்டித் தரும்போது, நீளாதேவியின் செயலையே செய்கிறார்கள்.

கோயில் முடி ஏலத்துக்குப் போகிறது, கடல் கடக்கிறது. 2004 மே மாதம் இந்தப் பயணம் எதிர்பாராத இடத்தில் முட்டியது. மணமான யூதப் பெண்களில் மரபு வழுவாதவர்கள் தம் முடியை மறைத்து ஷைட்டல் என்ற விக் அணிகிறார்கள். அதில் இந்தியக் கோயில் முடி இருக்கிறது, அது உருவவழிபாட்டுக்குப் படைத்த பொருள், அணியக் கூடாது என்று ஜெருசலேமின் மூத்த ரபி யோசெப் ஷலோம் எலியாஷிவ் தீர்ப்பளித்தார். நியூயார்க்கின் புரூக்ளின் தெருக்களில் விக்குகளைக் குவித்து எரித்தார்கள். விவாதம் ஒரே கேள்வியில் நின்றது: முடி இறக்குபவர் எதைக் கொடுக்கிறார், முடியையா, அகந்தையையா? முடியை மழிப்பது கருவறைக்கு வெளியே, தனி மண்டபத்தில். அதைக் கருவறைக்குள் எடுத்துச் சென்று படைப்பதில்லை. இறக்கிவைப்பது தன் அழகின் மேலுள்ள பற்றை என்று நம் ஊர்ப் பாட்டி எவரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை.

சிக்குமுடிக்கு வேறு பாதை. அது மேற்குவங்காளத்தின் பெல்டாங்காவுக்கும் கர்நாடகத்தின் பாக்யநகருக்கும் போய், பெண்களின் விரல்களில் இழை இழையாகப் பிரிகிறது. வேரும் நுனியும் கலந்துவிட்டதால் அதன் விலை குறைவு. பிரிக்காத கச்சா முடி கணக்கில் வராமல் வெளிநாடு செல்வதால் உள்நாட்டுத் தொழிலாளர் வேலை இழக்கிறார்கள் என்ற புகாரின்பேரில், 2022 ஜனவரியில் ஒன்றிய அரசு அதன் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது.

கோயில் முடியை நீளம் பார்த்துப் பிரிக்கிறார்கள். ஆணிப்பலகையில் இழுத்துச் சீவி, வேர்ப்பக்கம் ஒருசேர நிற்கும்படி கட்டுகளாகக் கட்டுகிறார்கள். நீண்ட பின்னல்கள், பெரும்பாலும் பெண்களுடையவை, விக்குக்குப் போகின்றன. குட்டைமுடி மருந்துக்கும் உணவுத் தொழிலுக்கும் வேண்டிய சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எடுக்கப் போகிறது. மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற குழந்தையின் முதல்முடி எந்த விக்குக்கும் போதாது. அந்தக் குட்டைக் குவியலோடுதான் அதுவும் சேர்கிறது. மழித்த தலையில் சந்தனம் காய்வதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தாய் சன்னதிக்குள் போய்விடுகிறாள்.